குளக்கரையில் ஓடும் கால்களுக்கு எந்தக் காலணி?

கேள்வி: நான் மன்னார்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 41, எடை 66 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. ஆறு மாதங்களாக அதிகாலையில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தை வலமாகச் சுற்றி ஓடுகிறேன். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று சுற்று என்று ஓடி வந்தவள், 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ளும் ஆசையில் கடந்த மாதம் முதல் ஐந்து நாள், ஆறு சுற்று ஓடுகிறேன். இப்போது இடது கணைக்கால் எலும்பின் உட்புறம் வலிக்கிறது. வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மெட்டியும் ஷூவுக்குள் அழுத்துகிறது. ஷூ வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; பள்ளிக்கும் அதையே அணிகிறேன். அளவு 5, நாக்கில் 24.5 செ.மீ. என்று இருக்கிறது. என் பாதம் 24.3 செ.மீ. கடை ஒன்றில் கருவியின் மேல் நிற்க வைத்துப் பார்த்து, தட்டைப் பாதம் என்று சொல்லி ஏசிக்ஸ் கயானோ வாங்கச் சொன்னார்கள். உடன் பணிபுரிபவர் நைக்கி பெகாசஸ் என்கிறார். நாத்தனார் மகள் ஹோக்கா கிளிஃப்டன் என்கிறாள். மாமியாரோ வெறுங்காலே போதும் என்கிறார். எதை வாங்குவது? எங்கள் ஊர்க் கடைகளில் இவை இல்லை, இணையத்தில் வாங்கலாமா? மழைக்காலத்தில் எப்படிப் பேணுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தஞ்சாவூரில் இயன்முறை மருத்துவராக இருக்கும் எனக்கு ஓட்டக் காலணி பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஷூக்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். நீங்கள் பாதத்தின் நீளத்தையும், ஷூவின் நாக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணையும், குளத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூன்று தொல்லைகளுக்குமான விடை ஏறக்குறைய முழுவதும் இந்த விவரங்களுக்குள்ளேயே கிடைப்பதால், ஷூவின் பெயருக்குக் கடைசியில் வருகிறேன்.

நகத்திலிருந்து தொடங்குவோம். 24.3 செ.மீ. பாதத்துக்கு 24.5 என்று குறித்த ஷூ நிற்பதற்குப் போதும், ஓடுவதற்குப் போதாது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் ஷூவுக்குள் சற்று முன்னே நகர்கிறது. அரை மணி நேரம் கடந்தால் பாதம் சற்று வீங்கவும் செய்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வீக்கம் கூடுதலாகவே இருக்கும். மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அந்த இடம் இல்லாதபோது நகம் ஷூவின் முன்சுவரில் மோதிக்கொண்டே இருந்து, அடியில் இரத்தம் கட்டிக் கறுத்துப்போகிறது. பிரிட்டிஷ் அளவு முறையில் ஒரு முழு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 8.5 மி.மீ.; அரை எண்ணுக்கு அதில் பாதி. நீங்கள் அரை எண்ணிலிருந்து ஒரு எண் வரை மேலே போக வேண்டும், அதாவது நாக்கில் 25 அல்லது 25.5 என்று இருப்பதைப் பார்க்க வேண்டும். 5, 6 என்ற எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறுவதால், ஒரு நிறுவனத்தின் ஷூவை இன்னொன்றோடு ஒப்பிடும்போது இந்தச் சென்டிமீட்டர் எண்ணையே பற்றிக்கொள்வது நல்லது.

நீளத்தைவிட நம் பக்கத்துப் பாதங்களுக்குப் பெரிய சிக்கல் அகலம். வீட்டுக்குள்ளும் கோயிலிலும் களத்திலும் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த பாதம் விரல்பகுதியில் நன்றாக விரிந்திருக்கும். பெண்களுக்கான ஓட்டக் காலணிகளோ வழக்கமாக 'பி' என்ற குறுகலான அகலத்தில் வருகின்றன. 'டி' என்பது பெண்கள் வரிசையில் அகலமானது. ஆண்கள் வரிசையில் அதுவே சாதாரண அகலம். மாலையில், பள்ளியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த பிறகு, ஓடும்போது அணியும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு தாளின் மேல் முழு எடையும் இறங்கும்படி நின்று, பென்சிலை நெட்டாகப் பிடித்து இரு பாதங்களையும் வரையச் சொல்லுங்கள். காலையில் அளந்த 24.3 மாலையில் கூடியிருந்தால் வியப்படைய வேண்டாம். இரண்டு பாதங்களில் பெரியதற்கே ஷூ வாங்க வேண்டும். பிறகு, வாங்க நினைக்கும் ஷூவின் உள்ளட்டையை, அதாவது கடைக்காரர்கள் இன்சோல் என்று சொல்வதை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலின் அடிமூட்டோ உள்ளட்டையின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. எந்தக் கருவியும் இல்லாமல் செய்யும் இந்தச் சோதனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நம்புகிறேன்.

பெண்கள் வரிசையில் அகலமானது கிடைக்காவிட்டால் ஆண்கள் வரிசையின் 6-ஆம் எண்ணைப் பார்க்கலாம். பல நிறுவனங்களில் அது 25 செ.மீ. அளவை ஒட்டி வரும். குதிகால் பகுதி சற்றுத் தளர்வாக இருக்கும். மேலே கணுக்காலை ஒட்டி, பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடும் கடைசித் துளை ஒன்று உண்டு. லேஸை அதில் அதே பக்கமாகவே செருகிச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் வழுக்காமல் நிற்கும்.

மெட்டியைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. ஓடும் ஒரு மணி நேரம் கழற்றி வைக்க மனம் ஒப்பினால் அதுவே நல்லது. ஒப்பவில்லையானால் பூவோ மணியோ முத்திரையோ இல்லாத, மெல்லிய தட்டையான வளையமாக மாற்றிக்கொண்டு, விரல்பகுதியில் உயரமும் மிருதுவான வலைத்துணியும் உள்ள ஷூவைத் தேர்ந்தெடுங்கள். இதைப் படிக்கும் வேறு பெண்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து, பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருந்தால், அவர்களுக்கு நான் இந்த விட்டுக்கொடுப்பைச் செய்யமாட்டேன். மெட்டி அழுத்திப் புண்ணானாலும் அவர்களுக்கு வலி தெரியாது; ஓடும்போது கழற்றியே ஆக வேண்டும்.

அடுத்து, தட்டைப் பாதம். கருவியின் மேல் அசையாமல் நிற்கும்போது விழும் தடம், ஓடும்போது பாதம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிவிரலில் எழுந்து நின்று, பாதத்தின் உள்வளைவு தோன்றுகிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தோன்றினால் அது நெகிழ்வான பாதம். நோய் என்று கருத வேண்டியதில்லை. பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூவை ஒதுக்கும் முறையை அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைத் துருப்பு ஆகிய மூன்றிலும் பயிற்சி பெற்றவர்களிடம் நேப்பிக்கும் அவருடைய குழுவினரும் சோதித்து, 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். வளைவுக்கு ஏற்ற ஷூ பெற்றவர்களுக்கும், வளைவு எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ பெற்றவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். லக்சம்பர்க்கில் மாலிசூ குழுவினர் 372 ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாதம் உட்புறமாக மிகுதியாகச் சாய்பவர்களுக்கு மட்டும் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூவால் பயன் கிடைத்தது. ஆகவே அந்த வகையைச் சேர்ந்த கயானோ போன்ற ஷூக்களை நான் பயனற்றவை என்று சொல்லவில்லை. இத்தனை மாதம் வலியின்றி ஓடிய ஒருவருக்கு, கருவியில் விழுந்த ஒரு தடத்தை மட்டும் வைத்து அதைத் தர மாட்டேன் என்கிறேன். வலி வந்தது கடந்த மாதம். உங்கள் பாதம் கடந்த மாதம் தட்டையாகிவிடவில்லை.

அப்படியானால் கடந்த மாதம் மாறியது எது? வாரத்துக்கு 15 கிலோமீட்டராக இருந்த ஓட்டம் 37 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதோடு இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நீங்கள் குளத்தை வலமாகவே சுற்றுகிறீர்கள். குளம் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம். மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி இருபுறமும் சரித்துப் போடுவது வழக்கம். குளத்தின் ஓரமாகவே ஓடினால் வலது பாதம் தாழ்விலும் இடது பாதம் மேட்டிலும் விழும். மேட்டில் விழும் பாதம் உட்புறமாகக் கூடுதலாகச் சாயும். கணைக்காலின் உட்புறத் தசைகள் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் வலி இடது காலின் உட்புறத்தில் இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. வழிபாட்டுக்கு வலம் வருவதை யாரும் மாற்றச் சொல்லப் போவதில்லை. ஓட்டத்துக்கு மட்டும் ஒருநாள் வலம், மறுநாள் இடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நம் டெல்டாவில் பாலங்களைத் தவிர ஏற்ற இறக்கமே கிடையாது. மேடுபள்ளம் உள்ள ஊரில் ஓடுபவருக்குத் தசைகள் மாறி மாறி உழைக்கின்றன. நமக்கு ஆயிரக்கணக்கான அடிகளும் ஒரே அச்சில் விழுவதால், ஓடும் திசையையும் தரையையும் ஷூவையும் நாமாகவே மாற்றிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மூன்று வாரங்களுக்குப் பழைய 15 கிலோமீட்டருக்கே திரும்புங்கள். இடையில், எலும்பின் ஓரமாக விரலால் அழுத்திப் பாருங்கள். வலி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அது பெரும்பாலும் மிகை உழைப்பால் வரும் அழற்சி வகை. விரல் நுனி அளவு இடத்தில் குவிந்திருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்க முடியாவிட்டாலோ, ஷூ வாங்குவதைத் தள்ளிவைத்து எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மெல்லிய கீறல் விழுந்திருக்கலாம். எந்த ஷூவும் அதை ஆற்றாது.

இனி நீங்கள் எழுதிய ஷூக்களுக்கு வருகிறேன். தினப்பயிற்சி ஷூக்களை ஒப்பிடும்போது விளம்பரத்தில் வரும் தொழில்நுட்பப் பெயர்களை விட்டுவிட்டு இரண்டு விவரங்களைக் கேளுங்கள். ஒன்று, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு; இதை டிராப் என்கிறார்கள். இது குறையக் குறைய கெண்டைச் சதைக்கும் குதிநாணுக்கும் வேலை கூடும். டிராப் கூடும்போது முழங்காலின் பங்கு சற்று அதிகமாகும். பெகாசஸ் 1983 முதல் வந்துகொண்டிருக்கும் ஷூ. அதன் டிராப் 10 மி.மீ. ஏசிக்ஸ் கியூமுலஸின் அண்மைப் பதிப்புகளில் 8 மி.மீ. கிளிஃப்டனில் 9-ஆம் பதிப்பு வரை 5 மி.மீ. ஆக இருந்து, 10-ஆம் பதிப்பில் 8 மி.மீ. ஆகிவிட்டது. அதேபோல் புரூக்ஸ் கோஸ்ட் 16-ஆம் பதிப்பில் 12 மி.மீ.; 17-இல் 10. பெயர் ஒன்றாக இருந்தாலும் பின்னால் வரும் எண் மாறினால் ஷூவே மாறிவிடக்கூடும் என்பதால், "எனக்குக் கிளிஃப்டன் நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் எத்தனையாம் எண் என்று கேட்க வேண்டும். நாத்தனார் மகள் அணிவது 9 என்றால், கணைக்காலில் வலி இருக்கும் இந்த நேரத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அது மோசமான ஷூ என்பதால் சொல்லவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கீழ்க்காலுக்கு அது வேலையைக் கூட்டும்.

இரண்டாவது, மெத்தை, அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையே உள்ள நுரைப்பகுதி. மாலிசூ குழுவினரே 848 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருந்து மெத்தையின் கடினத்தில் மட்டும் வேறுபட்ட இரு ஷூக்களில், கடினமானதை அணிந்தவர்களுக்குக் காயத்தின் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. ஆகவே நல்ல மெத்தை வேண்டும். ஆனால் நின்றால் கணுக்கால் ஆடும் அளவுக்குக் குழைவானது வேண்டாம். ஷூவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் அழுத்தினால் விரல்மூட்டுகள் வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் வைத்துவிடுங்கள். 2017 முதல் பரவிய கார்பன் தகடு பதித்த பந்தய ஷூக்கள் தினசரி ஓட்டத்துக்கு ஏற்றவையல்ல, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும்.

என் தேர்வைக் கேட்டால், அகலமான 'டி' அளவில், நாக்கில் 25 அல்லது 25.5 என்று குறித்த கியூமுலஸை முதலில் அணிந்து பார்ப்பேன்; அது உள்ளட்டைச் சோதனையில் தேறாவிட்டால் பெகாசஸின் அகலப் பதிப்பு. இரண்டும் தேறினால் கடையின் வாசலில் ஐந்து நிமிடம் மெல்ல ஓடி, காலுக்கு எது இயல்பாக இருக்கிறதோ அதை எடுங்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தோல் செருப்புக்கு அது உண்மை; ஓட்டக் காலணி முதல் நாளே உறுத்தாமல் இருக்க வேண்டும். கால்கரிப் பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் அவருடன் எழுதியவர்களும் 2015-இல், ஷூவைத் தேர்ந்தெடுக்கக் காலின் சுகத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார்கள். என் அனுபவமும் அதன் பக்கமே இருக்கிறது.

அடிப்பாகத்தைப் பற்றி நம் ஊருக்கென்று சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். எடையைக் குறைப்பதற்காகப் பல ஷூக்களில் அடியில் ரப்பரைக் குறைத்து மெத்தையையே தரையில் படும்படி விட்டுவிடுகிறார்கள். கரடுமுரடான ஜல்லித் தார்ச்சாலையில் அது விரைவாகத் தேயும்; ஆற்றங்கரைப் பாதையில் சீமைக்கருவேல முள் நேராக உள்ளே இறங்கும். ஆகையால் குதியிலும் முன்பாதத்திலும் ரப்பர் நன்றாக மூடியிருப்பதைப் பாருங்கள். மண்பாதைக்கென்று ஆழமான பற்கள் வைத்து வரும் ஷூவும் நம் களிமண்ணில் உதவாது. மழை பெய்த மறுநாள் வரப்பில் பத்தடி போவதற்குள் பற்களுக்கிடையே சேறு அடைத்துக்கொண்டு கால் கனத்துவிடும். தை, மாசியில் சம்பா அறுவடையின்போது சாலையில் காயப் போட்டிருக்கும் நெல்லின் மேல் எந்த ஷூவுமே பிடிப்புத் தராது. அங்கே நடந்துதான் போக வேண்டும்.

இணையத்தில் வாங்கலாம், திருப்பி அனுப்ப வழி இருந்தால். அடுத்தடுத்த இரண்டு அளவுகளைத் தருவித்து, வீட்டுத் தரையில் சாக்ஸோடு அணிந்து பார்த்து, ஒன்றைத் திருப்பிவிடுங்கள். புதிய பதிப்பு வந்ததும் முந்தைய பதிப்பின் விலை இறங்குவது வழக்கம். நான் பலருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று கடைத்தெருவில் விற்பவற்றைத் தொடாதீர்கள். வெளித்தோற்றம் அச்சாக இருக்கும். உள்ளே இருக்கும் மெத்தை எதுவென்று யாருக்கும் தெரியாது. கைக்கு அடங்கிய விலையில் வேண்டுமானால் டெகாத்லானின் கிப்ரன் வரிசையில் நடுத்தரமானவை போதும். விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிட நடுத்தர விலையில் வேறுபட்ட இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவதையே நான் விரும்புவேன். மாலிசூ குழுவினர் 264 பேரை 22 வாரம் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயத்தின் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. உடனே இரண்டு வாங்க முடியாவிட்டால், புதியதை ஓட்டத்துக்கு மட்டுமே வைத்துக்கொண்டு பள்ளிக்கு வேறொன்றை அணியுங்கள். ஓட்ட ஷூவின் மெத்தை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும்; வகுப்பறையில் நாள் முழுக்க நிற்பதற்கு அதைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் இரண்டு ஆண்டு ஷூ அந்தக் கணக்கை எப்போதோ முடித்திருக்கும். வாங்கிய நாளை உள்ளட்டையின் அடியில் எழுதி வைத்து, மாதந்தோறும் கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். குதிகாலின் வெளிவிளிம்பு தேய்வதைக் கண்டு அஞ்ச வேண்டாம். குதிகாலில் ஊன்றி ஓடும் பெரும்பாலோருக்கு அங்கேதான் தேயும்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. கருநாடகக் கடலோரப் பகுதியில் 2,300 குழந்தைகளை ஆராய்ந்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றதும் வெறுங்காலோடுதான். ஆனால் நாற்பது வயதுக்கு மேல், தார்ச்சாலையில், வலியுள்ள கணைக்காலோடு அதைத் தொடங்குவது சரியாக வராது. வலி முழுவதும் நீங்கிய பிறகு, பள்ளி மைதானத்துப் புல்லில் வாரம் இரண்டு நாள் பத்து நிமிடம் வெறுங்காலோடு நடந்து, பாதத்தின் சிறு தசைகளுக்கு வேலை கொடுங்கள். முள்ளும் கண்ணாடியும் கிடக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஷூ நனைந்தால் உள்ளட்டையையும் லேஸையும் தனியே எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறியின் கீழ் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஈரமாகிவிடும், மாற்றுங்கள். மொட்டைமாடி வெயிலிலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும், அடுப்பின் ஓரத்திலும் வைக்கக் கூடாது. சூட்டில் பசை விடும், மெத்தை சுருங்கும். துவைப்பு எந்திரத்தில் போடாமல், பழைய பல் துலக்கியால் சோப்பு நீரில் சேற்றைத் தேய்த்தெடுத்தால் போதும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும். பாலியெஸ்டர் கலந்த மெல்லிய சாக்ஸ் இரண்டு மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஒரு ஜோடியை வாங்கிப் பெட்டியிலேயே இரண்டு மூன்று மழைக்காலம் மூடி வைக்கவும் வேண்டாம். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ளவை காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்து, வெளியே எடுத்து அணிந்த முதல் நாளிலேயே உதிர்ந்துவிடும்.

புதிய ஷூ வந்ததும் முதல் வாரம் மூன்று சுற்றைத் தாண்டாதீர்கள். கறுத்த நகம் தானாக விழுந்து புதியது வளர மாதங்கள் ஆகும்; இழுத்துப் பிடுங்க வேண்டாம்.